எந்த ஊரில் ஜாகை?

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு வாழ்க்கையில் இரண்டு உத்தரவுகள் முக்கியமானவை. ஒன்று, வேலை கொடுக்கும் உத்தரவு. மற்றொன்று, ஊர் மாற்றும் உத்தரவு. முதலாவது வந்தால் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். இரண்டாவது வந்தால், "இனி எந்த ஊரில் ஜாகை பார்ப்பது?" என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து விடுகிறார்கள்.

நமக்கு அந்த இரண்டாவது உத்தரவு ஒரு மே மாதத்தில் வந்து சேர்ந்தது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு நம்மை மாற்றியிருந்தார்கள். நம் குடும்பம் ஐந்து பேர் கொண்டது. நாம், நமது இல்லாள், பதினோராம் வகுப்புக்குப் போகவேண்டிய பெண், ஆறாம் வகுப்புப் பையன், ரத்தக் கொதிப்புக்கு மாதம் ஒரு முறை வைத்தியரைப் பார்க்கவேண்டிய தாயார். உத்தரவு என்னவோ ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது. மூட்டை கட்டுகிறவர்கள் ஐந்து பேர்!

யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. "கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு போய் வாருங்கள், ஸார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் ஒருவர். "சின்னசேலம்தான் சரி, ரயில் இருக்கிறது" என்றார் இன்னொருவர். மலைமேலேயே குடியிருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை நாமும் அப்போது கவனிக்கவில்லை.

இந்தக் கேள்வி நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கள்ளக்குறிச்சி ஜில்லா, விழுப்புரம் ஜில்லாவிலிருந்து பிரிந்து 2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி உதயமாயிற்று. அதுவரையில் ஜில்லாக் கச்சேரியில் ஒரு காகிதத்துக்குக் கையெழுத்து வேண்டுமென்றால், கள்ளக்குறிச்சிக்காரர் 70 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து விழுப்புரம் போகவேண்டியிருந்தது. மலைமேல் இருப்பவருக்கோ அது 100 கிலோமீட்டருக்கும் அதிகம். ஜில்லா பிரிந்ததும் கலெக்டர் கச்சேரியும் அதைச் சேர்ந்த மற்றக் கச்சேரிகளும் இங்கே வந்தன. 2022 ஜனவரியில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. கச்சேரிகளோடு குமாஸ்தாக்களும், கல்லூரியோடு வைத்தியர்களும் தாதிகளும் வந்தார்கள். இவர்கள் எல்லோரும், "எங்கே குடியிருப்பது, எங்கே வேலைக்குப் போவது?" என்று கணக்குப் போட்டவர்களே.

ஓர் ஊரில் தூங்கி மற்றோர் ஊரில் வேலை செய்யும் வழக்கம் தமிழ் நாட்டில் வேரூன்றியதற்குப் பெரிய காரணம் சென்னை மின்சார ரயில். 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. கொல்லையில் நாலு தென்னை மரமும் கிணறும் வைத்துக்கொண்டு, காலையில் கோட்டைக்கோ பாரிமுனைக்கோ போய், இருட்டுவதற்குள் திரும்பி விடலாம் என்று குடும்பஸ்தர்கள் கண்டுகொண்டார்கள். வண்டி நேரத்துக்கு வந்தது; ஆகவே வாழ்க்கையும் நேரத்துக்கு நடந்தது. ஆனால் தாம்பரத்துக்குப் பொருந்திய கணக்கு கச்சிராயபாளையத்துக்குப் பொருந்துமா? சமவெளியில் தண்டவாளத்தின்மேல் போவது வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறுவது வேறு.

* * *

நேயர்களுக்கு முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லி விடுகிறோம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. பெரும் பகுதி 2000 அடி முதல் 3000 அடி உயரம் உள்ளது. மேற்கே சேலம் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கருமந்துறை அந்தப் பக்கத்து ஊர். மலையில் வாழும் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் கேரளத்தை நினைக்கவேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அமைந்த பெயர் அது; பேசுவது தமிழ். காஞ்சீபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக அவர்கள் சொல்வதுண்டு. சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறார்கள். கடுக்காயும் தேனும் புளியும் சேகரிக்கிறார்கள். நீண்ட காலம் ஜாகீர்தார்களின் கீழ் இருந்த இந்த மலை, 1976-இல்தான் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய 30 வருஷங்களுக்குப் பிறகு! 2024-இல் சென்னை ஹைகோர்ட் இம்மலை ஜனங்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது என்றால், செய்யவேண்டியது இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மலையடிவாரத்திலிருந்து கிழக்கே விரியும் சமவெளியில், குடியிருக்கத் தக்க ஊர்கள் சில இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி பெரிய ஊர். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், கடைவீதி, எந்தத் திசைக்கும் பஸ் எல்லாம் உண்டு. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்ப வேலைக்கும் இவ்வூர் பெயர் போனது.

சின்னசேலம் மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். சேலம்-விருத்தாசலம் ரயில் பாதையில் உள்ள நிலையம். சேலத்தில் சுற்றத்தார் உள்ளவர்களுக்கு உகந்த இடம்.

சங்கராபுரம் வடக்கே, திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. தியாகதுருகம் கிழக்கே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டுக்கொண்ட கோட்டை அங்கே குன்றின்மேல் இன்னும் நிற்கிறது. பார்க்க அழகான ஊர். மலைக்குப் போகிறவருக்கு எதிர்த் திசை.

கச்சிராயபாளையம் மலையடிவாரத்து ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று அங்கே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் கோமுகி நதிக்குக் குறுக்கே கட்டிய அணையும் அருகிலேயே இருக்கிறது. ஆலை ஓடும் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொள்ளும். காற்றில் வெல்லப்பாகின் வாசனை வீசும்.

கடைசியாக வெள்ளிமலை. 2019-இல் மலைக்கென்று தனித் தாலுகா அமைத்தபோது அதற்கு இதுவே தலைநகராயிற்று.

நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம்? எல்லோரும் சொன்னதைத்தான்! கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. தாயாருக்கு வைத்தியர் இரண்டு தெரு தள்ளி. ஐந்து பேரில் நால்வருக்குச் சௌகரியம். ஐந்தாவது ஆசாமி காலை ஏழு மணிக்கு முன்பே சோற்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு இரண்டு மணி நேரம், திரும்பவும் அவ்வளவு.

* * *

ஆரம்பத்தில் அதைப் பற்றி நமக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "தினம் மலையேறிப் போய்ப் பாடம் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கம்பீரம் உண்டல்லவா?

அந்தக் கம்பீரம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் கலைந்து போயிற்று. அன்று பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வகுப்பில் கூச்சல் இருக்கும் என்று எதிர்பார்த்து விரைந்தோம். கூச்சல் இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முன்னால் நின்று பாடத்தை வாசிக்க, மற்றக் குழந்தைகள் புஸ்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் இரண்டு மைலுக்கு அப்பாலுள்ள குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவள். மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டாள்.

நம்மைக் கண்டதும் புஸ்தகத்தை மூடிவிட்டு, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள்: "ஸார், நீங்கள் பஸ் ஸாரா, ஊர் ஸாரா?"

நமக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள்: "பஸ் ஸார் என்றால் பஸ் வந்தால் வருவார். ஊர் ஸார் என்றால் மணி அடித்தால் வருவார்."

அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. மழை பெய்யும் மாதம், பெய்யாத மாதம் என்று பிரிப்பது போல் அவள் ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்திருந்தாள். அதுதான் நம்மைச் சுட்டது. நடந்து வரும் குழந்தை நேரத்துக்கு வருகிறது. மோட்டாரில் வரும் பட்டதாரி தாமதமாக வருகிறார். இதை அந்தக் குழந்தைகள் உலக இயற்கையாகவே எண்ணிப் பழகிவிட்டார்கள்!

அன்றிரவு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் வருஷத்துக்கு 220 நாட்களும் 1000 மணி நேரப் பாடமும் நடக்கவேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் 200 நாள், 800 மணி. நாம் தினம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் இருந்தால் 220 நாளில் 880 மணி ஆகிறது. அதாவது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் ஜன்னலோரத்தில் தூங்கி வழியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே!

அது நம் சொந்த நஷ்டம் என்று விட்டுவிடலாம். விடமுடியாத கணக்கு அடுத்தது. காலையில் அரை மணி தாமதம், மாலையில் பஸ்ஸைப் பிடிக்க அரை மணி முன்னால் புறப்பாடு என்று வைத்துக்கொண்டால், 220 நாளில் 220 மணி போகிறது. 1000 மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சின்ன வகுப்புகளாக இருந்தால் 800-இல் 200. சரியாகக் கால் பங்கு. நான்கு வருஷம் படித்த குழந்தை உண்மையில் மூன்று வருஷமே படித்திருக்கும். அந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டது யார்? நாம் வசதியாக வாடகைக்கு எடுத்த மாடி வீடு!

* * *

மேல்நாட்டார் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய பௌதிக நிபுணர், 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், மனிதன் நடந்தாலும் ரயிலில் போனாலும் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே பிரயாணத்துக்கு ஒதுக்குகிறான் என்று வாதித்தார். வாகனம் வேகமாக ஆக ஆக ஊர் அகலுகிறதே தவிர, நேரம் மாறுவதில்லையாம். நாம் அந்த அளவுக்கு நான்கு மடங்கு செலவழித்துக்கொண்டிருந்தோம்.

புரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டுட்ஸர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் ஜெர்மனியில் சேகரித்த விவரங்களை ஆராய்ந்து, 2008-இல் ஒரு முடிவு சொன்னார்கள். தூரத்து ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வீடோ அதிகச் சம்பளமோ அந்தச் சிரமத்தை ஈடு செய்யவேண்டும் என்பது நியாயம். ஆனால் பிரயாணம் நீள நீள, மனிதர்கள் தம் வாழ்க்கையில் காணும் திருப்தி குறைந்துகொண்டே போகிறது என்பதே அவர்கள் கண்டது. ஈடு முழுதாகக் கிடைப்பதில்லை. வீட்டின் அகலம் பார்த்த அன்றே கண்ணில் படுகிறது. சாலையின் நீளம் தினந்தோறும் அல்லவா முதுகில் படுகிறது?

இந்த ஆராய்ச்சிகளை நாம் இல்லாளிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னங்க, இத்தாலிக்காரர் கிடக்கட்டும். நாம் நால்வரும் சுகமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் ஒருவரே எல்லாத் தூரத்தையும் சுமக்கிறீர்கள். நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்தால், அந்தக் குழந்தைகளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. தூரத்தைக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டாள்.

மார்க்கெட்டிக்கும் ஃப்ரைக்கும் தோன்றாத விஷயம் இது. ஜாகை என்பது குடும்பத்தினர் தங்களுக்குள் தூரத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒரு பாகப்பிரிவினை. எல்லாப் பங்கும் ஒருவர் தலையில் விழுந்தால் அது நல்ல பாகமாகாது. வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தலையில் விழுந்தால் அது பாகமே அல்ல, அபகரிப்பு.

* * *

முதலில் மலைமேலேயே வீடு தேடினோம். வெள்ளிமலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். அங்கே அவரவர் குடியிருக்க வீடு கட்டிக்கொள்கிறார்கள். வாடகைக்கு விடுவதற்கென்று கட்டுகிறவர்கள் அரிது. கிடைத்த ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கமுடியாது. தாயாருக்கு நடு இரவில் மூச்சு முட்டினால் மலையிறங்க வேண்டும் என்ற பயமும் இருந்தது. மலையில் தங்காத ஆசிரியர்களையும் தாதிகளையும் குறை கூறுவது சுலபம். ஆனால் தங்குவதற்கு வீடு கட்டிக் கொடுக்காமல் தங்கச் சொல்வது எப்படி? பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பும்போதே ஆசிரியருக்கும் ஒரு கூரை எழுப்பிவிட்டால், பஸ் ஸார்களில் பாதிப் பேர் ஊர் ஸார்களாகிவிடுவார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

ஆகவே காலாண்டு விடுமுறையில் கச்சிராயபாளையத்துக்குக் குடி மாறினோம். ஓட்டு வீடு, வாடகை குறைவு, கிணற்றில் தண்ணீர் உண்டு. அங்கிருந்து பள்ளிக்கு ஒன்றேகால் மணி நேரம். 880 மணி 550 ஆகக் குறைந்தது. பெண் கள்ளக்குறிச்சியில் தன் பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்து படிக்கிறாள்; அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய இலவசப் பாஸில் தினம் பஸ் ஏறிப் போகிறாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ்ஸில் இரண்டு தோழிகள் கிடைத்தார்கள், முகம் இறங்கிவிட்டது. தாயாரை மாதம் ஒரு முறை வைத்தியரிடம் அழைத்துப் போவது இல்லாளின் பங்கு. பையனுக்கு உள்ளூர்ப் பள்ளி. பள்ளி விட்டால் தெருவில் விளையாட்டு. இவ்வாறு தூரம் பங்காயிற்று.

நம் அனுபவத்தில் கண்ட சில விஷயங்களை, ஊர் மாற இருக்கும் நேயர்களுக்குச் சொல்கிறோம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்பதை மறவாமல் கேளுங்கள்.

வீட்டை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு முறை வேலை நேரத்துக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். மே மாதத்து மலைச்சாலையும் நவம்பர் மாதத்து மலைச்சாலையும் ஒரே சாலை அல்ல.

வாடகையோடு பஸ் சத்தத்தையும், இருவர் போனால் இருவர் சத்தத்தையும் கூட்டுங்கள். வாடகை மலிவான ஊர் சில சமயம் மிகவும் விலையுயர்ந்ததாக முடியும்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்; எதிர்வீட்டு அம்மாளை விசாரிக்கச் சொல்லி இல்லாளை அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்காகக் காத்திருப்பவர் யார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கச்சேரியில் கோப்பு காத்திருக்கும், அதற்குப் பசியில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளி காத்திருக்கிறான். வகுப்பில் குழந்தை காத்திருக்கிறது. நம் வீட்டுச் சௌகரியத்துக்கு அவர்கள் விலை கொடுக்கும்படியாக ஒரு ஜாகை இருக்கலாகாது.

* * *

குடி மாறிய பிறகு மழை வந்தது. சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் மேலே போகவில்லை. ஆக, கச்சிராயபாளையம் எல்லாத் துன்பத்துக்கும் மருந்தாகிவிடவில்லை. அதற்குப் பின் வாரத்தில் ஒரு நாள் இரவு, சக ஆசிரியர் ஒருவரின் அறையில் மலையிலேயே தங்குகிறோம். அன்று மாலை பக்கத்துக் குடியிருப்புக் குழந்தைகள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பகலில் புரியாத பின்னக் கணக்கு, பஸ்ஸுக்கு அவசரமில்லாத அந்த ஒரு மணி நேரத்தில் எப்படியோ புரிந்துவிடுகிறது.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மணி அடிக்கும்போது நாம் வாசலில் நின்றோம். அந்த ஏழாம் வகுப்புப் பெண் ஈரக் குடையை மடக்கிக்கொண்டே நம்மைக் கடந்து போனாள்.

"என்னம்மா, இப்போது நாம் பஸ் ஸாரா, ஊர் ஸாரா?" என்று கேட்டோம்.

அவள் நின்று யோசித்தாள். மார்க்குப் போடும்போது நாம் காட்டும் கண்டிப்பை அவளும் காட்டினாள்.

"அரை ஊர் ஸார்" என்றாள்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நமக்குக் கிடைத்த பதவி உயர்வுகளில், சம்பளம் கூடாவிட்டாலும், வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடியது இதற்குத்தான்.